கீரை வாங்கப் போனாலும் கலோரி கரையும்

கேள்வி: அலுவலகம், சந்தை எல்லாவற்றுக்கும் சைக்கிளில்தான் போகிறேன். கலோரிக் கணக்கில் இதை உடற்பயிற்சியாகச் சேர்க்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக! நீங்கள் போவது ஜிம்முக்கா, கீரைக்கடைக்கா என்று தொடைத் தசை விசாரிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. வேலைக்கும் கடைக்கும் சைக்கிள் மிதிப்பதும் அதில் அடக்கம்.

மணிக்கு 16 கி.மீ.க்குள் நிதானமாக மிதித்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட சுமார் 4 மடங்கு ஆற்றல் செலவாகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 120 கலோரி. அதில் 30 கலோரி உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஆகவே 90 என்று எழுதுங்கள். சிக்னலில் நின்ற நேரத்தையும் கழித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கலோரிக் கணக்குச் செயலியில் உங்களை ‘சுறுசுறுப்பானவர்’ என்று முன்பே குறித்திருந்தால், அன்றாடச் சைக்கிள் பயணம் அதிலேயே சேர்ந்திருக்கும். மறுபடி எழுதினால், ஒரே பில்லுக்கு இரண்டு முறை காசு வாங்கியது போலாகும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைப்பதற்காகக் கணக்கு வைத்து, சில வாரங்கள் ஆகியும் எடை அசையவில்லையா? சைக்கிளுக்கென்று எழுதும் கலோரியைக் குறையுங்கள், மிதிப்பதைக் குறைக்காதீர்கள்!