நாலு எலுமிச்சை, நாலு மூடி

தமிழ் வீடுகளில் பிரஷர் என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம். அடுப்பில் விசில் அடிப்பது ஒன்று. பெரியவர்கள் கையில் பட்டை சுற்றிப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. ஆபீசிலிருந்து சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துவருவது மூன்றாவது. அம்பத்தூரில் குடியிருக்கும் நம்மவர், போன கோடையில் நான்காவது பிரஷர் ஒன்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

அவரிடம் ஒரு பழைய வேன் உண்டு. அமெரிக்கர்கள் கட்டில், அடுப்பு, கக்கூஸ் சகிதம் வீட்டையே வண்டியாக ஓட்டிக்கொண்டு போகும் வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்ததில், அந்த வேனும் ஒரு வீடுதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நம் ஊரில் கேரவன் என்றால் நடிகர்கள் ஷாட்டுக்கு இடையில் ஏ.சி.யில் உட்காரும் வண்டி. சரி, நாமே ஒன்று செய்வோம் என்று சீட்டைக் கழற்றிக் கட்டில் போட நினைத்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே வந்தது. வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஆகவே சீட் சீட்டாகவே இருந்தது. வேனின் குடும்ப வாழ்க்கை ஒரு ஜமுக்காளம், ஒரு தண்ணீர் கேன், தூக்கு நிறையப் புளியோதரை, மாமியாரின் மடக்கு நாற்காலி, அவருடைய பி.பி. மிஷின் ஆகியவற்றோடு நின்றுபோனது.

கட்டில் இல்லாவிட்டால் என்ன? அந்த வீடியோக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் வாங்கியிருந்த இன்னொரு பொருள் இருந்தது. டயரில் காற்று எவ்வளவு என்று ஓட்டுபவருக்கு முன்னாலேயே காட்டும் கருவி.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஃபயர்ஸ்டோன் டயர் மாட்டிய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்ததைப் பார்த்து, 2000இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 2007 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் சிறு வண்டிகள் எல்லாவற்றிலும், டயர் காற்று இருக்க வேண்டியதைவிட 25 சதவீதம் இறங்கினால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தாக வேண்டும். 4,536 கிலோவுக்கு மேல் எடையுள்ள வீட்டு வண்டிகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அதனால்தான் அவர்கள் சொந்தக் காசில் வாங்கி மாட்டுகிறார்கள். இந்தியாவில் 2020இல் வந்த விதி வேறு மாதிரி: மூன்றரை டன் வரையிலான வண்டியில் ட்யூப்லெஸ் டயரும் இந்தக் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே விற்கலாம்.

"ஸ்டெப்னி இல்லாத வண்டியா?" என்று இதைக் கேட்ட நம்மவரின் மச்சான் பதறினார். 1904இல் வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் பிறந்த பெயர் அது. நம் ஊரில் இன்றைக்கும் அந்தச் சொல்லுக்குத்தான் மரியாதை.

கருவியில் மூன்று ஜாதி. முதலாவது டயருக்குள் இருக்கும் காற்றையே பார்ப்பதில்லை. காற்று இறங்கிய சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும் என்பதை ஏ.பி.எஸ். வழியாகக் கண்டுபிடிக்கும். நாலு டயரும் ஒரே அளவில் இறங்கினால் அது ஏமாந்துபோகும். இரண்டாவது, ரிம்முக்கு உள்ளே உட்கார்ந்திருப்பது. கணக்குச் சரியாகச் சொல்லும். பேட்டரி தீர்ந்தால் டயரைக் கழற்ற வேண்டும். மூன்றாவது, வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி வைக்கும் சின்ன மூடி. யாரும் மாட்டலாம், யாரும் கழற்றலாம். யாரும் என்பதில் பக்கத்து வீட்டுப் பையனும் அடக்கம் என்பதால், திருடாமல் இருக்க ஒரு பூட்டு நட்டும் கூடவே வரும். காற்று அடிக்கும்போதெல்லாம் அதைக் கழற்றி மாட்ட வேண்டும். மூடியின் கனத்தில் ரப்பர் வால்வு ஆடி ஆடி நாளடைவில் விரிசல் விடலாம். உலோக வால்வாக மாற்றுவது நல்லது.

நம்மவர் மூடி வகையை வாங்கினார். கூட வந்த மச்சான், "மாமா, நைட்ரஜன் அடிச்சிடலாமா?" என்றார். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மிச்சம் 22க்குத் தனியாகக் காசு கொடுக்க நம்மவருக்கு மனம் வரவில்லை.

டயர் பிரஷர் எவ்வளவு? டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 40 பிஎஸ்ஐ என்று இருந்தது. எச்சரிக்கை அளவை நாமே வைக்க வேண்டும். நம்மவர் கவனமான மனிதர். மேலே 44, கீழே 36 என்று வைத்தார். அங்கேதான் ஆரம்பித்தது.

கத்திரி வெயிலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேன் கிளம்பியது. காலையில் கிளம்புவதாகத்தான் திட்டம். மச்சானும் வருவதாக இருந்ததால் மத்தியானம் ஆனது. முதலில் திருத்தணி, மறுநாள் திருப்பதி. திருத்தணி முருகனுக்கு எவ்வளவு பிரசித்தமோ, கோடைச் செய்திகளில் வெயிலுக்கும் அவ்வளவு பிரசித்தம். நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் வேலூரோடு தவறாமல் வந்து உட்கார்ந்துவிடும்.

அந்தப் பாதையில் டயரைப் பற்றி யோசிக்காமல் இருக்கவும் முடியாது. புறப்பட்ட அம்பத்தூரிலேயே டன்லப் ஆலை இருந்தது. திருத்தணிக்குப் பக்கத்தில் அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை. 1946இல் திருவொற்றியூரில் பிள்ளைகளுக்குப் பலூன் செய்து தொழிலைத் தொடங்கிய கம்பெனி அது. காற்றை அடைத்து விற்பதில் அனுபவம் என்றால் இதுதான். திருத்தணியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த 1888ஆம் ஆண்டில்தான் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். நம்மவர் இதையெல்லாம் வண்டியில் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

திருவள்ளூர் தாண்டியதும் கருவி கத்தி எல்லோரையும் எழுப்பியது. 45. நாலு சக்கரத்திலும் சிவப்பு.

திருத்தணி லாட்ஜ் வாசலில் நிறுத்தும்போது 46. டயர் வெடித்துவிடும் என்று நம்மவர் பூட்டு நட்டைக் கழற்றி, வால்வு பின்னை அழுத்தி, கொதிக்கிற காற்றை உஸ் உஸ் என்று வெளியே விட்டார். நாலும் சரியாக 40 ஆனது. கருவி அமைதியானது. அவர் முகத்தில் ஒரு தெளிவு.

சாயங்காலம் வண்டிக்குப் பூஜை. சந்தனமும் குங்குமமும் வைக்க வந்த குருக்களுக்கு நாலு சக்கரத்திலும் பளபளக்கும் மூடிகள் கண்ணில் பட்டன. அவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு விழுந்தது. நாலு எலுமிச்சையும் டயருக்கு அடியில் நசுங்கின.

மலைக்கோயிலுக்கு மாமியார் படியில்தான் ஏறுவேன் என்றார். வருஷத்தின் நாளுக்கு ஒன்றாக 365 படி. உட்கார்ந்து உட்கார்ந்து மேலே போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது. மகள் பயந்துபோய்ப் பையிலிருந்து பி.பி. மிஷினை எடுத்தாள்.

"உள்ள வைடி. படி ஏறி வந்த கையோட பார்த்தா அது தாறுமாறாத்தான் காட்டும். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டுப் பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

நம்மவரும் அதைக் கேட்டுத் தலையாட்டினார். கேட்டது காதோடு போயிற்று.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குத் திருப்பதிக்கு வண்டியை எடுத்தார். தெருமுனை திரும்பவில்லை, கருவி அலறியது. 35, 35, 35, 35. ராத்திரியோடு ராத்திரியாக நாலு டயரும் பஞ்சர்!

நகரி போகும் ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் விளக்கு எரிந்தது. போர்டில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. கடைக்காரர் கொட்டாவியோடு வந்து தன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "காலி பட்டாலா சார்?" என்றார்.

"காலி இல்லீங்க, முப்பத்தஞ்சு இருக்கு!" என்றார் நம்மவர் ரோஷமாக.

தெலுங்கில் அது காற்று. தமிழில் அது இல்லாமை. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பஞ்சர் கடைக்குள் எல்லைக்கோடு யாரும் போடவில்லை.

கடைக்காரர் சோப்புத் தண்ணீரை நாலு டயரிலும், மூடி மாட்டிய வால்வுகளிலும் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. "நாலும் ஒண்ணா இறங்குனா அது பஞ்சர் இல்ல சார். நேத்து காத்து எறக்குனீங்களா?"

"ஆமா... ஏறிப்போச்சுன்னு..."

பதில் கடைக்காரரிடமிருந்து வரவில்லை. வேன் ஜன்னலிலிருந்து வந்தது.

"மாப்பிள்ளை, அம்பத்தூர்லேருந்து வெயில்ல ஓடி வந்த கையோட பார்த்தீங்களே, அதுக்கு மூச்சு இரைக்காதா? உக்கார விட்டுப் பார்த்திருக்க வேணாமா?"

டயர் கம்பெனிக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள், இவ்வளவு அழகாக இல்லை. ஸ்டிக்கரில் இருக்கும் 40 ஆறிய டயருக்கான கணக்கு: வண்டி சில மணி நேரம் நிழலில் நின்ற பிறகு பார்ப்பது. ஏறத்தாழ ஐந்தாறு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் ஒரு பிஎஸ்ஐ ஏறும். முப்பது டிகிரி ஏறினால் 40 என்பது 45, 46 ஆகிவிடும். அது டயர் இயல்பாக வேலை செய்வதன் அடையாளம். சூட்டில் 40 ஆக்கினால், ஆறியதும் 35. காற்று குறைந்த டயர் ஓட ஓட அதிகம் நெளிந்து, அதிகம் சூடாகும். வெடிப்புக்குப் பயந்து நம்மவர் செய்தது, வெடிப்புக்கு இன்னும் பக்கத்தில் போனதுதான்.

கடைக்காரர் நாலிலும் 40 அடித்தார். நம்மவர் எச்சரிக்கை அளவை மேலே 50, கீழே 32 என்று மாற்றினார். திருப்பதி போய்த் திரும்பும்வரை கருவி வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மாமியார் தன் பி.பி. நோட்டில் ஒரு பக்கத்தை டயர்களுக்கு ஒதுக்கினார். அந்த நோட்டின் வழக்கப்படி காலையில், காபிக்கு முன்னால், வண்டி நகர்வதற்கு முன்னால். மாப்பிள்ளை படித்துச் சொல்ல வேண்டும், அவர் எழுதிக்கொள்வார். பத்தாம் நாள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, பின்பக்கம் வலது கால் நாப்பது, முப்பத்தொம்பது, முப்பத்தெட்டு, முப்பத்தேழுன்னு தினம் ஒண்ணு இறங்குது. மத்த மூணும் அப்படியே நிக்குது. இதை டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

கருவி கத்த இன்னும் ஐந்து பாக்கி இருந்தது. டயர் பார்வைக்குக் கும்மென்றுதான் இருந்தது. ரேடியல் டயர் எப்போதுமே பக்கவாட்டில் கொஞ்சம் உப்பியிருக்கும் என்பதால், கண்ணுக்கும் காலால் ஓர் உதைக்கும் அது பிடிபடாது. அம்பத்தூர் பஞ்சர் கடையில் டயர் பட்டன்களுக்கு நடுவிலிருந்து அரை அங்குல ஸ்க்ரூ ஒன்று வந்தது. அந்த ஸ்க்ரூ இப்போது செலோ டேப் போட்டு நோட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது, மாமியாரின் ஈ.சி.ஜி.க்கு எதிர்ப்பக்கத்தில்.