மெய் மட்டும் அனுப்பும் மருமகன்

அக்கா மகன் சென்னையில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். பேச ஆரம்பித்தால் தாம்பரத்தில் ஏறியவன் பீச் ஸ்டேஷன் வரை வாய் மூடமாட்டான். எழுதச் சொன்னால்தான் கருமி. 'ஓகே'கூட நீளம் என்று 'ஓ'வை வெட்டிவிட்டு 'கே' என்று அனுப்புவான். தாத்தா திதிக்கு நாள், நேரம், ஐயர், சமையல்காரர் எல்லாம் எழுதி அக்கா பத்து வரி அனுப்பினாள். பதில்: 'கே'. வருகிறானா, படித்துவிட்டேன் என்கிறானா? அக்கா எனக்குப் போன் போட்டுக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவான். அதிலும் உயிரெழுத்தை எல்லாம் உருவிவிடுவான். 'கிளம்பிட்டேன்' அவன் கையில் 'க்ள்ம்ப்ட்ன்'. 'சாப்பிட்டியா' வெறும் 'ச்ப்ட்ய்'. உயிர் போய் மெய் மட்டும் வந்து சேரும். அதற்கு உயிர் கொடுப்பதற்குள் படிக்கிறவன் உயிர் போய்விடும். (இன்னொரு நுட்பம்: 'க்ள்ம்ப்ட்ன்' என்று வந்தால், இனிமேல்தான் குளிக்கப் போகிறான் என்று பொருள்.)

சுருக்கி எழுதுவதே தப்பு என்று சொல்லமாட்டேன். பழைய பத்திரங்களில் மேற்படிக்கு ௸ என்று ஒரே குறிதான். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. 2013 ஜூலையில் அது நிற்கும்வரை 'உடனே புறப்படு' என்பதற்கு மேல் ஒரு சொல் கூடாமல் பார்த்துக்கொண்டோம். எஸ்எம்எஸ் ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழில் அடித்தால் 70. அன்றைக்கு வெட்டினார்கள், நியாயம். வாட்ஸ்அப்பில் இவனிடம் எழுத்துக்கு யார் காசு கேட்டார்கள்? கேட்டே விட்டேன். "டைம் வேஸ்ட் மாமா" என்றான், ரீல்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லீவ் லெட்டரிலும் அதே கைவரிசை. 'யூ' ஒற்றை எழுத்தாக நின்ற இடத்திலெல்லாம் பேராசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நாலு ரியாக்‌ஷன் மாமா!" என்று அதையும் காட்டினான்.

போன மாசம் அவனிடமிருந்து ஒரு செய்தி. தமிழ் எழுத்தில். 'அன்புள்ள மாமா, தங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? செமஸ்டர் கட்டணத்துக்கு மூவாயிரம் ரூபாய் குறைகிறது. அனுப்பி உதவ வேண்டுகிறேன்.' கால், கொம்பு, ஒற்று, முற்றுப்புள்ளி ஒன்றும் குறையவில்லை. கண் கலங்கிப்போய் உடனே ஜிபேயில் அனுப்பினேன்.

'நன்றி' மொத்தமே மூன்று எழுத்து. எனக்கு வந்தது இரண்டு: 'டி', 'ஒய்'.