கிரிப்பும் கிராமும்: கேமராச் சுமை பற்றி ஓர் ஆராய்ச்சியுரை

நிகான் டி850 கேமராவுக்கு எடை இரண்டு. வெறும் உடம்பு 915 கிராம். பேட்டரியும் மெமரி கார்டும் போட்டால் 1,005 கிராம். இரண்டையும் தயாரிப்பாளரே அச்சிட்டுத் தருகிறார். இரண்டாவது எண்ணின் அருகே, லென்ஸ் மாட்டும் வாயை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடி இதில் சேராது என்று ஒரு குறிப்பும் உண்டு. மூடியின் சில கிராம்கூடக் கணக்கில் ஏறிவிடக் கூடாது என்ற இந்த நேர்மை போற்றத்தக்கது. மூடியைக் கழற்றிய பின் அதே வாயில் மாட்டப்போகும் ஒன்றரைக் கிலோ லென்ஸைப் பற்றி மட்டும் அந்தத் தாள் மூச்சு விடுவதில்லை.

கேமரா எடை குறித்து இருவேறு மரபுகள் நிலவுகின்றன. ஆராய்ச்சி வசதிக்காக அவற்றை வெற்றுடல் மரபு என்றும் நிறையுடல் மரபு என்றும் குறிக்கலாம். வெற்றுடல் மரபினர் பேட்டரியை உருவிவிட்டு நிறுப்பார்கள். அற்றேல், பேட்டரி இல்லாத கேமராவால் ஆவது என்னை எனின், ஒன்றும் ஆகாது என்க. அது படம் எடுக்காது, திரை ஒளிராது. நிறையுடல் மரபினர் பேட்டரி, கார்டு இரண்டையும் உள்ளே வைத்து நிறுப்பார்கள். சோனி ஏ7 மூன்றாம் பதிப்பு முதல் மரபில் 565 கிராம், இரண்டாம் மரபில் 650 கிராம். கழுத்தில் தொங்கும் பட்டையை இரு மரபினருமே ஒதுக்கிவைத்தார்கள். கேமராவை அந்தரத்தில் மிதக்கவிட்டுத் தூக்கிச் செல்வார்கள் போலும்.

இரு மரபுகளுக்கும் வெளியே நிற்கிறது பேட்டரி கிரிப். கேமராவின் அடியில் திருகி மாட்டும் கூடுதல் கைப்பிடி இது. பெரும்பாலும் உள்ளே இரண்டு பேட்டரி பிடிக்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்கும்போது முழங்கையை வானத்துக்குத் தூக்காமல் படம் எடுக்க, இன்னொரு ஷட்டர் பட்டனும் இதில் இருக்கும். பல கிரிப்புகளை மாட்டுமுன் கேமராவின் பேட்டரி அறைக் கதவைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய கதவு தொலைந்துவிடாமல் இருக்க, கேனானின் பல கிரிப்புகளில் அதற்கென்றே ஒரு குழிவு வைத்திருக்கிறார்கள். ஆகவே கதவு போன எடை கிரிப்பின் வழியாகத் திரும்பி வந்துவிடும். எடைக்குறைப்பின் வரலாற்றில் இதைவிடச் சுருக்கமான அத்தியாயம் கிடையாது.

இனி கணக்கு. சோனி ஏ7 மூன்றாம் பதிப்புக்குரிய கிரிப் பேட்டரி இல்லாமல் ஏறத்தாழ 290 கிராம். அதற்குள் போகும் பேட்டரி ஒன்று 83 கிராம் அளவில் இருக்கும். கேமராவுக்குள் இருந்த பேட்டரி கிரிப்புக்குக் குடிபெயர, துணைக்கு இன்னொன்று சேர, 373 கிராம் கூடுகிறது. 650 கிராம் கேமரா 1,023 கிராம் ஆகிறது. “கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிட்டோம், எடை போயிற்று” என்று மிரர்லெஸ் கட்சியினர் மேடை போட்டுப் பேசிய கேமரா, கண்ணாடியும் அதன் கூண்டும் உள்ளே வைத்திருக்கும் டி850-ஐ 18 கிராம் வித்தியாசத்தில் தாண்டிவிடுகிறது.

டி850-க்கும் கிரிப் மாட்டலாமே என்பாரும் உளர். மாட்டலாம்தான். ஆனால் அது வேறு வழக்கு, பிறகு வரும்.

மேற்படி 373 கிராமின் முழுப் பொருளை உணர, அதே நிறுவனத்தின் லென்ஸ் ஒன்றையும் பார்க்க வேண்டும். சோனியின் 70-200 மில்லிமீட்டர் எஃப் 2.8 லென்ஸ், 2016-இல் வந்த முதல் பதிப்பில் 1,480 கிராம். 2021-இல் வந்த இரண்டாம் பதிப்பு 1,045 கிராம். ஐந்து ஆண்டு உழைப்பில் பொறியாளர்கள் 435 கிராமைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் அந்தக் குறைப்புக்குப் பெரும் பணம் கொடுத்துப் புதிய லென்ஸை வாங்குகிறார். அடுத்து கிரிப் வாங்குகிறார். 435-இல் 373 போக, நிகர லாபம் 62 கிராம். எடை குறைக்க ஒரு விலை, கூட்ட இன்னொரு விலை, இரண்டும் ஒரே கடையில், ஒரே ரசீதில். மோர் கடைந்து வெண்ணெய் எடுத்துவிட்டு, வெண்ணெயைத் திரும்ப மோரில் போட்டுக் குடிப்பதைப் போன்ற இந்த நடைமுறைக்குக் கேமரா உலகில் யாரும் சிரிப்பதில்லை என்பதே ஆராய்ச்சிக்கு உரிய செய்தி.

அறிவுள்ளவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்? மூன்று விளக்கங்கள் வழங்கப்படுகின்றன. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சமநிலை என்பது ஒன்று. பழைய 1,480 கிராம் லென்ஸை 650 கிராம் கேமராவில் மாட்டினால், லென்ஸ் கேமராவைப் போல் இரண்டேகால் மடங்கு கனக்கும். முன்பக்கம் குப்புறச் சாயப் பார்க்கும். கிரிப் சேர்ந்தால் எடையின் மையம் பின்னால் நகர்ந்து கைக்கு அருகே வரும். கை நடுக்கத்துக்கும் கனமான பொருள் சீக்கிரம் அசைந்து கொடுக்காது. சுண்டுவிரல் என்பது இன்னொன்று. சின்னக் கேமராவைப் பிடித்தால் சுண்டுவிரலுக்கு இடம் இல்லாமல் அடியில் தொங்கும். அதற்கு ஓர் ஆசனம் அமைத்துத் தருவதே கிரிப்பின் தொண்டு. மூன்றாவது விளக்கத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கல்யாண மண்டபத்தில் ஆளுக்கொரு கேமராவோடு விருந்தினர் நெருக்கும்போது, மணமேடைக்கு எதிரே நிற்க உரிமையுள்ளவர் யார் என்பதைக் கிரிப் மாட்டிய கேமரா தூரத்திலிருந்தே அறிவித்துவிடும். வீடியோக்காரர்கூட அரை அடி விலகி வழிவிடுவார்.

நிகானிடம் நாலாவது காரணமும் இருந்தது. அது வேகம். 2008-இல் வந்த டி700 தனியாக நொடிக்கு 5 படம் எடுக்கும். எம்பி-டி10 என்ற கிரிப்பை மாட்டி, அதற்குள் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ செல்கள் எட்டைப் போட்டால் நொடிக்கு 8 படம். மாயம் ஒன்றும் இல்லை. கேமராவின் சொந்த பேட்டரி தருவது 7.4 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் ஏஏ செல் எட்டைச் சேர்த்தால் 9.6 வோல்ட். கண்ணாடியைத் தூக்கி இறக்கும் வேலை மின்னழுத்தம் கூடினால் சுறுசுறுப்பாக நடக்கும். டி850-இலும் இதே கதைதான். கிரிப்போடு பெரிய வகை பேட்டரியைச் சேர்த்தால் 7 படம் 9 ஆகும். ஆனால் அந்தப் பெரிய பேட்டரி தனி, அதை மூடும் அறைக்கதவு தனி, அதற்கான சார்ஜர் தனி. நொடிக்கு இரண்டு படம் கூட, நாலு பொருளுக்குப் பில் போட வேண்டும். வழக்கைப் பிறகு எடுப்பதாகச் சொன்னது இதைத்தான். தீர்ப்பு வாசகரிடம் விடப்படுகிறது.

டி700-இல் விநோதம் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு வந்த டி3-இன் உள்ளுறுப்புகளில் முக்கியமானவற்றை, சென்சார் உட்பட, எடுத்துச் சிறிய உடம்பில் வைத்ததுதான் டி700. டி3-க்கு கிரிப் உடம்போடு ஒட்டிப் பிறந்தது. பேட்டரி இல்லாமல் 1,240 கிராம். டி700 பேட்டரி இல்லாமல் 995. வித்தியாசம் 245 கிராம். ரீசார்ஜ் செய்யும் ஏஏ செல் ஒன்று ஏறத்தாழ 27 கிராம் என்று கொண்டால் எட்டு செல் 216 கிராம். வித்தியாசத்தில் பெரும்பகுதி செல்களிலேயே தீர்ந்துபோகிறது. அதன் மேல் உலோகக் கிரிப்பும் ஏற வேண்டும். கேமராவின் சொந்த பேட்டரியும் உள்ளேயே இருக்கிறது. ஆகச் சிறியதை வாங்கிப் பெரிதாக்கியவர், முதலிலேயே பெரியதை வாங்கியவரைவிட அதிகம் சுமந்தார்.

செல்லின் ரசாயனமும் தராசில் தெரியும். சாதாரண ஆல்கலைன் ஏஏ செல் 23 கிராம் அளவில் இருக்கும். லித்தியம் ஏஏ 15 கிராம். எட்டு நிக்கல் செல்லை எடுத்துவிட்டு எட்டு லித்தியம் செல் போட்டால் நூறு கிராமுக்கு அருகே குறையும். ஒரு முறை தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இங்கே கிராமுக்கு ரூபாய் என்ன விலை என்று கணக்கிட்டுப் பார்த்தவர்கள் திரும்ப நிக்கலுக்கே வந்துவிடுவார்கள்.

நிறமும் எடையுடையது என்று சொன்னால் தருக்கவாதிகளான நையாயிகர்கள் சண்டைக்கு வருவார்கள். லைக்கா எம்11 அவர்களுக்கு விடை. 2022-இல் வந்த இந்தக் கேமராவைக் கறுப்பில் வாங்கினால் பேட்டரியோடு 530 கிராம். வெள்ளி நிறத்தில் வாங்கினால் 640 கிராம். கறுப்புக்கு மேல்தகடு அலுமினியம், வெள்ளிக்குப் பித்தளை. இரண்டும் எடுக்கும் படத்தில் இம்மி வேறுபாடு கிடையாது. 110 கிராம் பித்தளையைக் கூடுதலாகச் சுமக்க மனமுவந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், எடை குறைய வேண்டும் என்று எல்லாரும் ஏங்குகிறார்கள் என்ற அடிப்படைக் கொள்கையையே திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

முன்னோர் சுமந்ததையும் பார்க்கலாம். 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 3.6 கிலோ. உள்ளே 16 நிக்கல்-காட்மியம் செல்கள். படத்தின் அளவு 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 நொடி. 1991-இல் கோடாக் விற்பனைக்குக் கொண்டுவந்த டிசிஎஸ், நிகான் எஃப்3 உடம்பில் ஏறி வந்தது. படங்களைச் சேமிக்கும் 200 மெகாபைட் ஹார்டு டிஸ்க்கும் பேட்டரியும் ஒரு தனிப் பெட்டியில். பெட்டி தோளில், கேமரா கையில், நடுவே ஒரு கேபிள். பேட்டரி கேமராவுக்கு வெளியே போவது கிரிப்பு வந்த பிறகு நடந்த சீர்கேடு என்று யாரும் புலம்ப வேண்டாம். அது பூர்விக வழக்கம்.

பேட்டரி ஏன் இரண்டு வேண்டும் என்ற கேள்விக்கு ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபா வகுத்த அளவீட்டில் விடை இருக்கிறது. 30 நொடிக்கு ஒன்றாகப் படம் எடுத்து, பேட்டரி எத்தனைக்குத் தாங்குகிறது என்று எண்ணும் முறை அது. டி850 அதில் 1,840 படம் வாங்கியது. 2013-இல் வந்த முதல் சோனி ஏ7, கண்ணை வைத்துப் பார்க்கும் வழியில் 270 மட்டுமே. டி850-இல் கண்ணாடி காட்டும் காட்சிக்கு மின்சாரம் வேண்டாம். ஏ7-இல் கண்ணருகே ஒரு சின்னத் திரை சதா எரிந்துகொண்டிருக்கிறது. 1,840-ஐ எட்ட ஏ7-க்கு ஏழு பேட்டரி. ஒன்று உள்ளே இருக்க, மீதி ஆறும் தலா 57 கிராமாக 342 கிராம். பேட்டரியோடு 474 கிராம் உள்ள கேமரா, ஆறு உதிரிகளோடு 816 கிராம் ஆகும்.

இங்கே ஆராய்ச்சி தன் கட்சிக்கு எதிராகவே சாட்சி சொல்ல நேர்கிறது. ஏழு பேட்டரியைச் சுமந்தும் ஏ7, டி850-ஐவிட 189 கிராம் குறைவு. மிரர்லெஸ்காரர்கள் இந்த எண்ணை மேடையில் சொல்லியிருந்தால் வென்றிருப்பார்கள். படப்பிடிப்பின் நடுவே ஆறு தடவை பேட்டரி மாற்றுவதைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

சார்ஜ் ஏறிய பேட்டரி, தீர்ந்த பேட்டரியைவிடக் கனமா? ஆம். சோனி ஏ7 மூன்றாம் பதிப்பின் பேட்டரி 16.4 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் போட்டால், ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கில் மூன்றில் இரண்டு கூடுகிறது. படம் எடுக்க எடுக்கக் கேமரா இலேசாகும் என்ற கொள்கை இதனால் நிறுவப்பட்டது. மாலையில் தோள் அதிகம் வலிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

வெட்கப்படாமல் எடையை முன்வைத்தவர்களும் உண்டு. ஒலிம்பஸ் 2019-இல் வெளியிட்ட இ-எம்1எக்ஸ், சின்ன சென்சார் வைத்த கேமரா; கிரிப் உடம்போடு ஒட்டியது. இரண்டு பேட்டரி, இரண்டு கார்டு எல்லாம் போட்டு 997 கிராம். ஒரு கிலோவைத் தொடாமல் மூன்று கிராமில் நிறுத்தியிருக்கிறார்கள். செருப்பை 99 ரூபாய் 90 காசுக்கு விற்ற வணிகர்கள் இதை ரசித்திருப்பார்கள். மறுகோடியில் சிக்மாவின் 200-500 மில்லிமீட்டர் எஃப் 2.8 லென்ஸ் நிற்கிறது: 15.7 கிலோ, பச்சை நிறம், தனக்கென்று சொந்தமாக ஒரு பேட்டரி. அதன் முன்னால் கிரிப் மாட்டுவதா வேண்டாமா என்று விவாதிக்கிறவர்கள் சற்று ஓரமாக நின்று பேசுவது நல்லது.

இந்த வாதம் அனைத்தும் கடைசியில் போய் முட்டுவது விமான நிலையக் கவுன்ட்டரில். இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான். கனத்தைப் பெரிய பெட்டியில் போட்டுவிடலாம் என்றால், உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது. தீப்பிடித்தால் அணைக்க ஆள் இருக்கும் இடத்தில், பயணியோடுதான் வர வேண்டும் என்பது விதி. ஆகப் பேட்டரி பையில் இருந்தால் எடையில் சேரும். சட்டைப் பையில் இருந்தால் சேராது. கவுன்ட்டரில் பயணியை நிறுக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. அனுபவசாலிகள் கிரிப்பைக் கழற்றிக் கால்சட்டையின் ஒரு பக்கத்திலும், பேட்டரிகளை மறுபக்கத்திலும், 70-200-ஐ ஜாக்கெட்டின் உட்பையிலும் செருகிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பை 6.9 கிலோ காட்டும். பயணி நடக்க முடியாமல் நடந்து பாதுகாப்புச் சோதனைக்குப் போவார். அங்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்து பிளாஸ்டிக் தட்டில் வைக்கச் சொல்வார்கள். ஒரு தட்டு போதாது.