காஜாங்கில் ஒரு ஒண்டோல்

கொரிய நாடகம் பார்த்துவிட்டு, தரைக்கடியில் சூடேற்றும் ஒண்டோல் தன் வீட்டுக்கும் வேண்டுமென்று காஜாங் தாமான்வாசி ஒருவர் கிளம்பினால் யார் தடுப்பது? சியோலில் ஜனவரி மாதம் தண்ணீர் உறையும். காஜாங்கில் சாத்தே அடுப்பு அணைந்த பிறகும் இரவு 23, 24 டிகிரி.

வயரிங்கையும் தானே இழுப்பாராம். காணொளி தந்த தைரியம்.

சுவருக்குள் ஓடுவது 230 வோல்ட். 1994 மின்சார விதிமுறைகளோ பதிவுபெற்ற குத்தகையாளரைத் தேடச் சொல்கின்றன. வயர்மேன் சோதித்துச் சான்று தர வேண்டும். குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு மட்டும், 10 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் தனிக் கருவி (காணொளியில் அந்தப் பகுதி வரும்போது விளம்பரம் ஓடியிருக்கலாம்).

வயர்மேன் வந்தார். ஒண்டோல் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

“ஏர்கோனுக்கு எத்தனை பாயிண்ட், அண்ணே?”