பிஷப் வீட்டுப் பிள்ளையும் பந்தயக் கல்லாவும்

குதிரைப் பந்தயத்தில் நிம்மதியாகத் தூங்குகிற ஒரே ஜீவன் குதிரை. அதற்கு அடுத்தபடி புக்கி.

முதல் புக்கி என்று ஹாரி ஆக்டனைச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் கடை விரித்தவர். அதுவரை கனவான்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டி, ஒருவர் காசை ஒருவர் கௌரவமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆள் நுழைந்ததும் வந்தது கமிஷன்.

அதன் சூட்சுமம் இதுதான். சமபலமான இரண்டு குதிரைகள். 100 கட்டி ஜெயித்தால் 200 கைக்கு வருவதுதான் நியாயம். புக்கி 180தான் தருவார். இரு பக்கமும் நூறு நூறு விழுந்துவிட்டால், எது ஜெயித்தாலும் 20 அவருக்கு. தோற்றவன் குதிரையைத் திட்டுவான். ஜெயித்தவன் புக்கிக்கே டீ வாங்கித் தருவான். ஊரே ஒரே குதிரையில் கட்டி, அதுவும் ஜெயித்துத் தொலைத்தால்? சில புக்கிகள் அந்தக் குதிரையைவிட வேகமாக ஓடியிருக்கிறார்கள்.

ஓட வேண்டிய அவசியமே இல்லாத முறையை 1860களில் பாரிஸில் கண்டுபிடித்தவர் ஜோசப் ஒல்லெர். எல்லார் பணத்தையும் ஒரே உண்டியலில் போடு, முதலில் உன் பங்கை எடு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடு. எந்தக் குதிரை வந்தால் என்ன! சூதாட்டம் என்று சொல்லி அவரை ஜெயிலில் போட்டார்கள். அவரோ 1889இல் 'மூலான் ரூஜ்' கேளிக்கை அரங்கைத் திறக்கும் கூட்டாளியாகிவிட்டார். 1891இல் பிரெஞ்சு அரசுக்கு ஞானோதயம்: புக்கிக்குத் தடை, ஒல்லெர் முறைக்குச் சட்ட அந்தஸ்து. அரசுக்கும் அதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

உண்டியல் கணக்கைக் கையால் போட்டு மாளவில்லை. அப்போது வந்தார் ஆஸ்திரேலிய இன்ஜினியர் ஜார்ஜ் ஜூலியஸ். அப்பா நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரத்து பிஷப். மகன் செய்ததோ ஓட்டு எண்ணும் மெஷின். அரசாங்கம் வேண்டாம் என்றது. ஓட்டை எண்ணினால் என்ன, நோட்டை எண்ணினால் என்ன என்று அதையே மாற்றியமைத்து, 1913இல் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி மைதானத்தில் நிறுத்தினார். எடைக்கற்கள், பியானோக் கம்பிகள், சைக்கிள் செயின்கள். ஒரு பழைய இரும்புக் கடையே எழுந்து நின்று கணக்குப் போட்டது. அதற்கு முன் ஜூலியஸ் ரேஸ் மைதானத்தையே பார்த்ததில்லையாம்.

1929இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. உண்டியலைக் கண்டுபிடித்தவருக்கு ஜெயில், எண்ணிக் கொடுத்தவருக்கு சர்.