மெலூஹாவுக்கு என் மார்க்கு

வெள்ளகோவில் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. கோவை, 1979 முதல் பெரியார், அப்புறம் ஈரோடு, 2009 முதல் திருப்பூர். ஓர் அடி நகராமல் இத்தனை ராஜ்ஜியம் பார்த்த ஊர்க்காரனிடம் மாயாஜால நாவலைக் கொடுத்து, "எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க மாமா" என்றான் தறி ஓட்டும் மருமகன். அமிஷ் எழுதிய முதல் நாவல். தமிழில் பவித்ரா ஸ்ரீநிவாசன் மொழிபெயர்த்த 'மெலூஹாவின் அமரர்கள்'.

நான் மாயக்கதை கேட்டுப் பழகிய இடம் வேறு. உடுக்கையை அடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க அண்ணன்மார் சாமி கதை பாடுவார்கள். மலைபோல் வளர்ந்த கொம்பன் பன்றியைப் பொன்னாச்சி என்ற குட்டி நாய் கடித்துச் சாய்க்கும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். படுகளத்தில் செத்து விழுந்த அண்ணன்மாரைத் தங்கை தங்காள் தண்ணீர் தெளித்து எழுப்புவாள். அதற்கும் மறுப்பில்லை. பாடுகிறவர் வாய்க்கால் பாய்ந்த திசையை மாற்றிச் சொல்லிவிட்டால் போதும், துண்டை உதறிக்கொண்டு என் அப்பாரு எழுந்துவிடுவார். "ஏப்பா, தண்ணி மேக்கால எப்படியப்பா ஏறும்?" உடுக்கை நிற்கும். திசையைத் திருத்திப் பாடிய பிறகுதான் அப்பாரு உட்காருவார்.

நாங்கள் இப்படிக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1965-இல், காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் அந்தக் கதை முழுவதையும் ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டார். பின்னாளில் கனடாவில் அது 26 பகுதிகள் கொண்ட கார்ட்டூன் தொடராகவே வந்துவிட்டது. நம் பன்றி கடல் தாண்டிப் போய் நடிகர் ஆகிவிட்டது. நாம் அதே வாய்க்காலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

இன்றைய கதைசொல்லிக்கு உடுக்கை கிடையாது. அமிஷ் கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்தவர், நிதித்துறையில் வேலை பார்த்தவர். பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பிய பிறகு 2010-இல் நாவல் வெளிவந்தது. முதல் அத்தியாயத்தைத் தனியாக அச்சடித்துக் கடைகளில் இலவசமாகக் கொடுக்க வைத்தாராம். சந்தையில் ஒரு கீற்று தர்ப்பூசணியை நறுக்கி நீட்டுகிற வியாபாரம்தான் இது. தின்றுவிட்டால் பழத்தை வாங்காமல் போக முடியாது.

கதையில் சிவன் கடவுள் இல்லை. திபெத்தில் ஒரு மலைக்கூட்டத்தின் தலைவன். சிந்துவெளி நாடான மெலூஹாவுக்கு வந்து சோமரசம் குடிக்கிறான், தொண்டை நீலமாகிறது, நாடே அவன் காலில் விழுகிறது. அது வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அப்புறம் அந்தச் சோமரசம் ஏன் ஆயுளைக் கூட்டுகிறது என்று ஆக்சிஜன், செல் என்று விஞ்ஞானப் பாடம் ஆரம்பமாகிறது. எங்கள் பன்றிக்கு யாரும் மருத்துவச் சான்றிதழ் கேட்டதில்லை.

இன்னொரு குறை. நீலத் தொண்டையை மறைக்கச் சிவன் கழுத்தில் துணி கட்டிக்கொள்கிறான். அங்கவஸ்திரம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நாற்பதாம் நம்பர் நூலா, அறுபதா? கூலி நெசவா, சொந்தத் தறியா? மூச்சு இல்லை. வெள்ளிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பருத்தித் துணித் துணுக்கு நிஜ மொகஞ்சதாரோவிலேயே கிடைத்திருக்கிறது. மருந்துக்கு இத்தனை விளக்கம் சொன்னவர் துணிக்கு ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

ஆனால் விகர்மா சட்டம் வரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முற்பிறவிப் பாவம் என்று முத்திரை குத்தி மனிதரைத் தள்ளி வைப்பது, தொட்டால் சுத்தி செய்துகொள்வது. இதை நம்ப எனக்குக் கற்பனை தேவைப்படவில்லை. கொங்கு டீக்கடைகளில் சிலருக்குத் தனிக் குவளை வைத்திருந்ததைப் பார்த்தவன் நான். தான் விரும்பும் சதி என்ற பெண்ணுக்காக அந்தச் சட்டத்தோடு சிவன் மோதுகிறான். கடைசியில் போரில் ஜெயித்த பிறகுதான் எதிரி கெட்டவன் இல்லை, வேறு மாதிரி வாழ்கிறவன் என்று தெரிந்து இடிந்துபோகிறான். உடுக்கைப் பாட்டில் எதிரி எதிரியாகவே செத்தான். அவன் பக்கத்து நியாயம் என்ன என்று அப்பாரு கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் கவலையெல்லாம் வாய்க்கால்தான்.

மருமகனிடம் சொன்ன தீர்ப்பு இது: ஐந்துக்கு மூன்றரை. சோமரசப் பாடத்துக்கு ஒன்று, நூல் நம்பர் சொல்லாததற்கு அரை பிடித்தம். தறிக்காரனுக்குப் பிடித்தம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முதல் நாவல் எழுதியவருக்கு அதைவிடப் பெரிய மார்க்கு என்னிடம் இல்லை.