ஒரே ஆளுக்கு நூறு பேர் போடுதல்: ஊவாத் தோட்டங்களில் அனிமேஷன் திறனாய்வு மரபு – ஒரு முன்னாய்வு

அனிமேஷன் படம் ஏன் இரண்டாம் பாகத்தில் சரிகிறது என்ற வினாவைத் திரைப்பட அறிஞர்கள் கையாண்ட விதம் திருப்தியாக இல்லை. கதையமைப்பு என்கிறார்கள், பாத்திர வளர்ச்சி என்கிறார்கள், கடைசியில் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். அந்தத் தேநீருக்குக் கொழுந்து எடுத்தவர்களிடம் எவரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. செலவைக் குறைப்பது என்றால் என்ன என்று நான்கைந்து தலைமுறையாக அறிந்த கூட்டம் இலங்கையின் பதுளை, பசறை, மடுல்சீமை, ஹாலிஎல மலைகளில் இருக்கும்போது, இந்தப் புறக்கணிப்பு ஆய்வுலகின் பெருங்குறையே. அதை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களங்கள்: லயத்து வாசல், ஞாயிற்றுக்கிழமைச் சலூன், பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ்ஸுக்கு நிற்கும் வரிசை. தரவு சேகரித்த முறை: வாயை மூடிக்கொண்டு கேட்பது.

முதலில் கோட்பாட்டின் அச்சாணியான 'பேர்' என்பதை வெளியூர் வாசகருக்கு விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் பேர் விழ வேண்டும். குறித்த கிலோ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிவு வேறு. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோது, பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவும் கூடவே ஏறியது. இந்தக் கணக்கில் வளர்ந்த கண், திரையில் எங்கே எத்தனை கிலோ குறைகிறது என்பதை மூன்றாவது நிமிடத்திலேயே சொல்லிவிடும். கண்ணாடி போட்ட விமர்சகருக்கு இடைவேளை வரை தேவைப்படுகிறது.

இம்மரபின் மூலநூல் 'கோச்சடையான்'. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி, 2014 மே 23 அன்று வெளியான படம். நடிகர்களின் உடலசைவைக் கருவிகளால் பதிந்து கணினி உருவங்களுக்கு ஏற்றினார்கள். ஒரு லயத்து வாசலில் இப்படம் ஓடியபோது நடந்த விவாதத்தை அப்படியே தருகிறேன். இளைஞர் அணி ரஜினியின் முகம் ரஜினி மாதிரி இருக்கிறதா இல்லையா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இது திறனாய்வின் ஆரம்பப் பள்ளி. கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் அணிவகுத்துப் போகும் படைவீரர்களைப் பார்த்தார். "இந்தா பாருங்கடா, அம்புட்டுப் பேரும் ஒரே காலத்தான் தூக்குறான். ஒரே ஆளுக்கு நூறு பேர் போட்டிருக்கான்!"

செக்ரோல் மோசடியைக் கண்டுபிடிக்கும் அதே கண் அது. சற்று நேரத்தில் நாகேஷ் வந்தார். அவர் காலமானது 2009இல். படத்திற்காகக் கணினியில் அவரை உருவாக்கியிருந்தார்கள். "செத்த ஆளையும் செக்ரோல்ல சேத்துட்டானா?" என்றார் அம்மா. இதற்குப் பிறகு வாசலில் இருந்த எவருக்கும் ரஜினியின் முகம் ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. படமோ அடுத்த பாகம் வரும் என்ற சாடையில் முடிந்தது. அந்தப் பாகம் இன்றுவரை வரவில்லை. தரம் குறையாத ஒரே இரண்டாம் பாகம் என்று அதைச் சிலர் போற்றுவது ஏற்கத்தக்கதே.

செக்ரோல் கோட்பாட்டை மேல்நாட்டுக்கும் நீட்டலாம். டிஸ்னியின் 'ராபின் ஹூட்' 1973இல் வந்தபோது, அதன் நடனக் காட்சிக்கு 'ஸ்நோ வைட்', 'ஜங்கிள் புக்' முதலிய பழைய படங்களின் அசைவுகளையே எடுத்து மேலே புதுத்தோல் போர்த்தினார்கள். ஹன்னா–பார்பரா நிறுவனத்தார் யோகி கரடிக்குக் கழுத்துப்பட்டியும் டையும் மாட்டியது அழகுக்காக அல்ல. கழுத்தோடு வெட்டிவிட்டால் உடம்பை அப்படியே வைத்துத் தலையை மட்டும் வரைந்தால் போதும். அவர்கள் படத்தில் ஓடுகிறவன் பின்னால் அதே மரம், அதே வீடு, மறுபடி அதே மரம். இதைக் கண்டு ஊவாக்காரர் பதறுவதில்லை. 1924இல் ரயில் பதுளைக்கு வந்த நாள் முதல், தெமோதரையில் அது ஒரு வட்டம் அடித்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுவதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

எதிர்ப்பள்ளி ஒன்றும் உண்டு. சலூனில் வலுவாக இருக்கிறது. செலவு குறைந்தால் தரம் குறையும் என்பது தொரைமார் கட்டிவிட்ட கதை என்பது இவர்கள் வாதம். 1959இல் 'ஸ்லீப்பிங் பியூட்டி' ஏராளமாகச் செலவு தின்று கையைச் சுட்டபின், 1961இல் 'நூற்றியொரு டால்மேஷன்கள்' படத்துக்கு மைக்கோடு போடும் ஆட்களுக்குப் பதில் ஸெராக்ஸ் முறை வந்தது. கோடு கரடுமுரடானது. வால்ட் டிஸ்னிக்கே பிடிக்கவில்லை. இன்று அந்தக் கோட்டைத்தான் ரசிகர்கள் கும்பிடுகிறார்கள். டைட்டஸ் தொட்டவத்தை ரூபவாஹினிக்காகச் சிங்களத்தில் மொழிமாற்றித் தந்த 'தொஸ்தர ஹொந்த ஹித்த' கார்ட்டூனும் இவர்களுக்குப் பலமான சான்று. படம் பரதேசத்து மலிவுச் சரக்கு, பேச்சு மட்டும் புதிது, ஆனாலும் லயத்துப் பிள்ளைகள் அதை விட்டு எழும்பவில்லை.

சலூன்காரர்களுக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1994இல் 'அலாவுதீன்' இரண்டாம் பாகமாக, திரையரங்குக்கே வராமல் வீடியோவாக வந்த 'ஜாஃபரின் மீட்சி'யில் பூதத்துக்குக் குரல் கொடுக்க ராபின் வில்லியம்ஸ் வரவில்லை. மேல்நாட்டு ரசிகர்கள் துடித்துப்போனார்கள். சலூனில் எவரும் துடிக்கவில்லை. முதல் பாகத்திலும் அவர்கள் அவர் குரலைக் கேட்டதில்லை. அவர்கள் கேட்டது, தமிழில் பேசிய வேறு ஒரு அண்ணனை.

இங்கே ஒரு கிளைக்குறிப்பு அவசியம். அசைவுப் பதிவு முறையில் மட்டுமே உருவான முதல் முழுநீளக் கணினிப் படம் என்ற பெயர் 2000இல் வந்த 'சிந்துபாத்' படத்துக்கு உண்டு. அதை ஹொலிவூட்டுக்காகச் செய்து கொடுத்தது சென்னை பெண்டாமீடியா. கூலி குறைந்த கையைத் தேடித் தமிழ்நாட்டுக் கரையில் வந்து இறங்குவது வெள்ளைக்காரனுக்குப் புதிய யோசனை அல்ல. சென்ற முறை அவன் தேடி எடுத்த கைகள்தான் நமூனுகலை அடிவாரம் வரை வந்தன. இம்முறை கப்பல் செலவும் மிச்சம்.

இரு பள்ளிகளும் முட்டி நிற்கும் இடம் 'குங்ஃபூ பாண்டா 4'. 2016இல் வந்த மூன்றாம் பாகத்துக்கு ஏறத்தாழ 14.5 கோடி டொலர் செலவு. 2024இல் வந்த நான்காவதற்கு 8.5 கோடிதான். பாண்டாவின் கூட்டாளிகளான புலி, குரங்கு, கொக்கு, பாம்பு, கும்பிடுபூச்சி ஐவரும் வெளியூர் வேலையாகப் போயிருக்கிறார்களாம். கடைசியில் வந்து வாய் திறக்காமல் நிற்கிறார்கள். பஸ் வரிசையில் ஒரு மாணவன் கொதித்தான்: "அஞ்சு பேரையும் காலம்பரப் பிரட்டுலயே வேல குடுக்காம திருப்பி அனுப்பிட்டான் தாத்தா! இதுக்கு அரைப்பேருகூட போட ஏலாது."

பக்கத்தில் நின்றவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. அவர் இரு படங்களின் வருமானத்தைக் கேட்டார். மாணவன் தொலைபேசியைத் தட்டிப் பார்த்தான். மூன்றாவது 52 கோடி, நான்காவது 54 கோடிக்கு மேல். "ஆளு கொறவு, வெல கூட. தொரைக்கு இதவிட நல்ல வருஷம் ஏது தம்பி?"

"அப்ப அஞ்சாவதுல பாண்டாவும் இருக்காது" என்றான் மாணவன். பசறை பஸ் வந்து, இடம் பிடிக்க இரு தரப்பும் ஓடிவிட்டதால், கணக்கப்பிள்ளையின் மறுப்புரை பதிவாகவில்லை.